அந்த ஒரு காட்சியை எடுத்துவிட்டால் போதுமாம்

சிங்கப்பூரில் தமிழ் நாடகக் குழுவுக்கு மேனேஜர் என்றால், நாற்காலி அடுக்குவதில் தொடங்கிப் பணக்காரர்களிடம் பல்லிளிப்பது வரை எல்லாம் நம் தலையில்தான். இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

எங்கள் டைரக்டர் நூர்ஜஹான் உட்லண்ட்ஸ் பக்கம் பஸ் ஓட்டுபவர். ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபாரத்தோடேயே ஃபேரர் பார்க்குக்கு ஒத்திகைக்கு வந்து நிற்பார். இலங்கைப் போரில் காணாமல் போன மகனைத் தேடும் ஒரு தாயின் கதையை எழுதியிருந்தார். கடைசிக் காட்சியில் அந்தத் தாய் மகனின் போட்டோவோடு மேடையைவிட்டு இறங்கி, பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்பாள்: "என் புள்ளையப் பார்த்தீங்களா?" யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அதோடு விளக்கு அணையும். இந்த ஒரு காட்சி எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

ரெண்டு போன்

போஸ்டர் ஒட்டிய மறுநாளே போன். போராளிகளைக் கேவலப்படுத்துகிறோமாம், நாடகத்தை நிறுத்தணுமாம். யாழ்ப்பாணத் தமிழில் ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு மணி நேரத்தில் இன்னொருவர் கூப்பிட்டு, போராளிகளுக்குக் கொடி பிடிக்கிறோம் என்று கத்தினார். நாடகம் இன்னும் மேடையே ஏறவில்லை ஐயா!

நூர்ஜஹானிடம் ஓடினேன். அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேரையும் நாடகத்துக்கு வரச் சொன்னீங்களா இல்லையா?"

நகைக்கடையில்

ஹால் வாடகை தருவதாகச் சொல்லியிருந்த நகைக்கடை முதலாளிக்கும் சேதி போய்விட்டது. "அந்த ஒரு சீன மட்டும் எடுத்துடுங்க. என் கடைக்கு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வர்றாங்க" என்றார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. இந்த நாடகமும் விழுந்தால் குழுவை மூட வேண்டியதுதான் என்ற நிலைமை. ஒளிப்பானேன், "சரிங்க" என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன்.

நூர்ஜஹான் முந்திக்கொண்டார்: "முதலாளி, கை காட்டுற ஸ்டாப்புல எல்லாம் நான் நிறுத்தணும். எனக்குப் பிடிக்காத ஸ்டாப்புன்னு தாண்டிப் போனா வேலை போயிடும் லா."

மாடி அரங்கு

ஹால் போச்சு. ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், புண்ணியவான், மாடியைச் சும்மா கொடுத்தார். இடம் மாறியதால் நாடகம் போடும் லைசன்ஸுக்கு மறுபடி மனுப் போட்டு வாங்கினேன். ஆளுக்கு நாலு நாற்காலியாகத் தூக்கிக்கொண்டு படியேறினோம். தாயாக நடித்த கமலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அவரும் தூக்கினார், ஒரு முணுமுணுப்பு இல்லை. இவர்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

ஒத்திகையில் மட்டும் கமலாவிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தது: "கீழேர்ந்து மீன் தலைக்கறி வாசனை ஏறுது அண்ணே. அழுற சீன்ல எனக்குப் பசிக்குது."

பதில்

முதல் நாள் மாடி நிறைந்துவிட்டது. போனில் கத்திய இருவரும் வந்திருந்தார்கள். வாசலில் பேசிய குரலிலேயே கண்டுபிடித்துவிட்டேன். ஆளுக்கொரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கடைசிக் காட்சி. கமலா போட்டோவோடு இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே அந்த யாழ்ப்பாணக்காரர் முன்னால் போய் நின்றார். "என் புள்ளையப் பார்த்தீங்களா?" மனிதர் எழுந்துவிட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் போட்டோவை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "இல்லையம்மா, நான் காணேல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். கமலாவுக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். எதிர்மூலைக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. விளக்கை அணைக்க வேண்டிய நானே அழுதுகொண்டிருந்தேன், எங்கே அணைப்பது?

நூர்ஜஹான் யூனிஃபாரச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்: "யாரு அவரு, நான் எழுதுன முடிவையே மாத்துறது? நாளைக்கும் கண்டிப்பா வரச் சொல்லுங்க அண்ணே."

நிறுத்தச் சொன்ன மனிதரே மறுநாள் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால், இந்தக் குழுவை நான் எப்படித்தான் இழுத்து மூடுவது, நீங்களே சொல்லுங்க!