கையோடு சேர்ந்து நடுங்கிய அவரைக்கொடி

என் நோயை முதலில் காட்டியது ஃபிலிம்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் பயிர்ப்பூச்சிகளை ஆராயும் அலுவலகம் ஒன்றில் படமெடுக்கும் வேலையில் இருந்தேன். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வளையங்களைப் பொருத்தினால் எறும்பு பெரிதாகத் தெரியும். ஆனால் தெளிவு கிடைப்பது நூலிழை ஆழத்துக்குத்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். ஸ்டாண்டை நிறுத்துவதற்குள் பூச்சி நகர்ந்துவிடும் என்பதால் கேமராவைக் கையில் பிடித்தே எடுப்பேன்.

அந்த மார்கழியில் ஒரு படமும் தெளிவாக விழவில்லை. காற்றைத் திட்டினேன். கேமராவைப் பழுதுபார்க்க அனுப்பினேன். குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. கவனம்தான் போதவில்லை என்று காபியைக் கூட்டினேன். டாக்டர் பிற்பாடு முதலில் நிறுத்தியது அதைத்தான்.

நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையமே ஸ்வெட்டருக்குள் ஒடுங்கியிருக்க, நான் வியர்த்துக்கொண்டு திரிந்தேன். நன்றாகச் சாப்பிட்டும் ரவிக்கைகள் தொளதொளத்தன. "நீ சாப்பிடறதெல்லாம் எங்கதான் போகுதோ" என்று கணவர் கிண்டல் செய்வார். மாடிப்படியில் நெஞ்சு படபடத்து நான் உட்கார்ந்துவிட்ட அன்று கிண்டலை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது படபடவென்று ஆடியது. அறையில் காற்றே இல்லை.

"கேமராவ ரிப்பேருக்குக் கொடுத்தேன் டாக்டர்."

"அது பாவம், என்னம்மா செய்யும்?" என்றார்.

தைராய்டு (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முதலில் மருந்தால் அடக்கி, பிறகு அறுவை சிகிச்சையில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம் என்றார்.

"கை நடுக்கம் நின்னுடுமா?"

"குறையும். பழையபடி ஆகும்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஸ்வல்ப பொறுமையா இருங்க."

கத்தியைவிட அந்தப் பதில்தான் என்னைப் பயமுறுத்தியது. அப்போது என் கையில் முக்கியமான ஒரு வேலை இருந்தது. அவரைச் செடியை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை எறும்பு தின்று அழிப்பதாகப் பல விவசாயிகள் நம்பினார்கள். உண்மையில் எறும்பு அசுவினி கசியவிடும் இனிப்புத் துளிக்காக அதைக் காவல் காக்கிறது. அந்தத் துளியை எறும்பு குடிக்கும் படம் அலுவலகத்துக்கு வேண்டியிருந்தது. அவரைப் பருவம் முடிவதற்குள் படம் வராவிட்டால் கேமராவை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மேலதிகாரி மரியாதையாகவே சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த வேலையை அவ்வளவு நேசித்தேன்.

மருந்து பிடிக்க வாரக்கணக்காகும் என்றார்கள். அதுவரை எங்கள் கொல்லை அவரைப்பந்தலில் முயன்றேன். மூச்சைப் பிடித்தேன், முழங்கையை விலாவோடு இறுக்கினேன். இறுக்க இறுக்க நடுக்கம் கூடியது.

ஒரு மாலை, கொடி ஆடாமல் இருக்கட்டும் என்று இடது கையால் அதைப் பிடித்தேன். கேமராவின் கனம் தாங்காமல் லென்ஸை அதே கையின் மேல் சாய்த்தேன். கேமராவுக்குள் எறும்பு ஆடாமல் நின்றது. கை முன்போலவே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கொடி, எறும்பு, லென்ஸ் எல்லாம் ஒரே கையில் சேர்ந்து நடுங்கியதால் ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை. அசுவினியின் பின்புறம் துளி திரண்டது. எறும்பு வாய் வைத்தது. ஃபிளாஷ் பல்பு எரிந்தது. கழுவிய ஃபிலிமில் துளியின் விளிம்புகூடத் தெளிவாக இருந்தது. கேமரா என்னிடமே இருந்தது.

பிறகுதான் அறுவை சிகிச்சை. கழுத்தில் தழும்பு மிஞ்சியது. உடம்பு மெல்ல மெல்லச் சதை பிடித்தது. இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கருவியைக் குறை சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். தேறும் காலத்தில் உடம்பை அவசரப்படுத்தவும் வேண்டாம், அது கேட்காது.

கை அடங்கியபின் பந்தலருகே போய்க் கேமராவைக் கண்ணில் வைத்தேன். பார்வைக்குள் எறும்பு இன்னும் லேசாக அசைந்தது. அது என் நாடி, என் மூச்சு. நோய்க்கு முன்னாலும் அப்படித்தான் அசைந்திருக்கும். நான்தான் என்னை அசையாதவள் என்று நினைத்திருந்தேன். இப்போது ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதில்லை. உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கிறேன். தெளிவு வந்து போகும் அந்த நொடியில் அழுத்துகிறேன். ஒரு நொடி அத்தனை பெரிது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் கேட்டார்: "நடுக்கம் இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர். உயிரோட இருக்கற அளவுக்கு இருக்கு."