பங்கு சொல்லிவைத்த மரை

யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து மல்கிரேவில் வசிக்கும் விக்னராஜா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் மின்வினைஞர். அங்கே ஆனி, ஆடியில் வரும் குளிர்காலத்தில் மலைக்காடுகளுக்குச் சென்று மரை எனும் பெரிய மானை வேட்டையாடுவார். இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. குண்டு போய்ச் சேருமுன் விலங்கு சற்று அசைந்தாலும் நெஞ்சில் பட வேண்டியது குடலில் பட்டுவிடும். அப்படி அடிபட்ட மரை எங்கோ புதருக்குள் கிடந்து அணுவணுவாகச் சாகும் என்பார்.

அவ்வளவு கவனமானவர் சென்ற ஆனியில் ஒரு பிழை விட்டார். ஆடு அடிக்குமுன்பே வீடுகளுக்கு இறைச்சிப் பங்கு சொல்லிவைக்கும் யாழ்ப்பாணப் பழக்கத்தில், காட்டில் உயிரோடு திரிந்த மரைக்கும் நான்கு வீடுகளுக்குப் பங்கு சொல்லிவிட்டார்.

இரண்டு நாளாக ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில், இடக்கொம்பின் நுனி உடைந்த ஆண் மரை ஒன்று பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நின்றது. தூரம் நானூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

"அண்ணை, கட்டிவைச்ச மாடு மாதிரியெல்லோ நிக்குது," என்றார் கூட வந்த நண்பர் சுஜீதன். "இதையும் விட்டா, நாலு வீட்டுக்கும் நீங்கள்தான் பருப்புக் காய்ச்சிக் குடுக்கவேணும்."

காத்திருக்கும் நான்கு வீடுகளும் விக்னராஜாவின் நினைவுக்கு வந்தன. சுட்டார். மரை ஒருமுறை துள்ளிப் புதருக்குள் மறைந்தது.

"பட்டதோ?"

"தெரியேல்லை." விக்னராஜா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பள்ளத்தில் இறங்கி எதிர்ச்சரிவில் ஏறுவதற்குள் நண்பகலாகிவிட்டது. மரை நின்ற இடத்தில் இரத்தமோ உதிர்ந்த மயிரோ இல்லை.

"படேல்லை, அண்ணை. வாங்கோ, போவம். பசிக்குது."

"சிலவேளை இரத்தம் உடன வெளியில வராது. வேணுமெண்டா நீர் வாகனத்துக்குப் போம்."

"உங்களைத் தனிய விட்டிட்டு வந்தனெண்டா, வீட்டில கிரிஜா அக்கா என்னையெல்லோ பங்கு போடுவா!"

இருவரும் குளம்படிகளைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தார்கள். ஓடைக்கரையில் அதே உடைந்த கொம்பு தெரிந்தது. மரை நீர் குடித்துக்கொண்டிருந்தது. விக்னராஜா தொலைநோக்கியால் அதன் ஒரு விலாவைப் பார்த்தார். அது திரும்பும்வரை மூச்சடக்கிக் காத்திருந்து மறு விலாவையும் பார்த்தார். கீறல்கூட இல்லை. அருகில் விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப கிட்டத்தானே நிக்குது, அண்ணை," என்று சுஜீதன் கிசுகிசுத்தார்.

"கை நடுங்குது. நடுங்கிற கைக்கு அறுபது மீற்றரும் தூரம்தான்."

மரை ஓடையை ஒரே பாய்ச்சலில் தாண்டிப் போயிற்று.

தொலைபேசிக்கு அலை கிடைத்ததும் மனைவி கிரிஜாவை அழைத்தார்.

"மரை விழுந்ததோ?"

"இல்லை, கிரிஜா! நல்லா ஓடிப் போட்டுது!"

"அதுக்கேன் இப்பிடிச் சந்தோசப்படுறியள்? நாலு வீட்டுக்கும் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"வாற வழியில டண்டினோங் கடையில ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வாறன்."

"ஓம், அதுக்குத் தாராளமாப் பங்கு சொல்லலாம்," என்றார் கிரிஜா. "அது செத்திட்டுது."

விக்னராஜா காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.