சனீஸ்வரனும் என் மழைச் செய்தியும்

இரண்டாயிரங்களின் நடுவில் தருமபுரத்தில் ஒரு மாடியறை பிடித்து, மழை வருமா வராதா என்பதைச் சுற்றுவட்ட விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், அதில் கேபிளால் கட்டிப்போட்ட ஒரு போன், நான் எழுதிய புரோகிராம். அவ்வளவுதான் சொத்து. கம்பெனிக்கும் எனக்கும் சேர்த்து அந்த ஒரே போன்தான். உறவினர்களிடம் மட்டும் ‘சாஃப்ட்வேர் தொழில்’ என்று சொல்லிக்கொள்வேன்.

குரும்பகரத்து அக்கா ஒருவர் இந்தச் சேவையில் சேர்ந்திருந்தார். கணவர் சிங்கப்பூரில். நிலத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொன்ன கணவரின் அண்ணன் பேச்சைக் கேட்காமல், அந்த வருடம்தான் முதல்முறையாகத் தானே சம்பா போட்டிருந்தார்.

“நெல்லு ஒழுங்கா வீடு வந்து சேரலன்னா, அடுத்த வருசம் நெலம் அவுங்க கைக்குப் போயிரும் தம்பி” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பொங்கல் முடிந்து கதிர் முற்றி நின்றது. அறுத்துப் போட்டபின் மழை பெய்தால் நெல் முளைத்துவிடும். எந்த நாளில் ஆள் விடுவது என்பதற்கு அவர் நம்பியது என் செய்தியைத்தான். அதுவோ அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

நேரில் போய்ப் போனை வாங்கிப் பார்த்தேன். உள்ளே எள் போட இடமில்லை. திருநள்ளாறு சனீஸ்வர பகவான் மகிமை, பத்துப் பேருக்கு அனுப்பினால் நன்மை, அலட்சியம் செய்தால் கேடு என்று ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே செய்தி ஊரிலுள்ள அத்தனை பேரிடமிருந்தும் வந்து உட்கார்ந்திருந்தது.

“இதையெல்லாம் அழிச்சிடுங்கக்கா. அப்பத்தான் மழைச் செய்தி வரும்.”

“நல்லாருக்கே! சனீஸ்வரனை யாராச்சும் அழிப்பாங்களா? எனக்கு ஏழரை நடக்குதுங்க!”

ஊர் ஊராகப் பஸ் பிடித்து வந்து கும்பிடுகிற சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார்தான் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? இது புரியாமல் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“அப்ப எனக்கு அனுப்பிட்டு அழிங்க. வர்றது எனக்கே வரட்டும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா?” என்றார். தலையாட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன்.

சனியை வாங்கிக்கொள்ள ஒருவன் கிடைத்துவிட்டான் என்ற சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் போன் ஓயாமல் கீச்சிட்டது. புரியாத செய்தி எது வந்தாலும் ‘மீண்டும் அனுப்பவும்’ என்று பதில் சொல்லும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். அவர்களும் பக்தியோடு மீண்டும் அனுப்பினார்கள். போன் நிறைந்து திணறிப்போய், ஒரு செய்திகூட அனுப்ப முடியாமல் நின்றது.

அன்று சாயங்காலம் பார்த்துத்தானா நாளைக்கு மழை என்று கம்ப்யூட்டரில் தகவல் வரவேண்டும்? அக்கா மறுநாள் காலை அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்தார். கீழே டெலிபோன் பூத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டால் அவர் போன் அணைந்திருந்தது, அவர் ஊரில் கரண்ட் இல்லை. குறுஞ்செய்தி என்றால் காத்திருக்கும், போனைப் போட்டதும் விழும். அதை அனுப்ப என் போனைக் காலி செய்தாக வேண்டும்.

அழிக்கும் பட்டன் மேல் வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கப்பா” என்று முணுமுணுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்தேன். போன் உயிர் பெற்றது. மழைச் செய்தி போனது.

மறுநாள் காலையில் மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார்.

“போனைப் போட்டதுமே வந்துருச்சு தம்பி. ஆளுங்கள வரவேணாம்னுட்டேன். பயிரு நின்ன வாக்குலயே நனையுது, காஞ்சதும் அறுத்துக்கலாம்.”

“ரொம்ப சந்தோசம்க்கா.”

அக்கா போனை வைக்கவில்லை.

“எங்க எல்லாரு சனியையும் நீங்க ஒருத்தரே வாங்கிக்கிட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? மனசே கேக்கல தம்பி. வர்ற சனிக்கிழம உங்க பேருக்கு எள்ளு வெளக்கு போட்டுர்றேன். நட்சத்திரம் சொல்லுங்க.”

அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நட்சத்திரத்தைச் சொன்னேன்.