மண்ணெண்ணெய் டின்னில் ஓர் அன்னாசி

என் கணவர் தருமபுரி–சேலம் பஸ்ஸில் கண்டக்டர். அறுபதுகளின் பிற்பாதியில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், சேலம் கடைவீதியில் வாங்கிய அன்னாசிப் பழம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஊரான பாப்பாரப்பட்டியில் அன்னாசியைக் கண்ணால் பார்த்தவர்களே அப்போது குறைவு. தோல் சீவும் வகை எனக்கும் தெரியாது. அரிவாள்மனையில் வைத்து ஒரு வழியாகச் சீவினேன். பாதிக் கண்கள் பழத்திலேயே நின்றுவிட்டன. நாக்கு அரித்தது. இருந்தாலும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, அவரும் நானுமாக ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்று தீர்த்தோம். மாமியார் தொடவில்லை. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

பழத்திலிருந்து வெட்டி எறிந்த இலைக்கொண்டை குப்பைமேட்டில் கிடந்தது. சித்திரை வெயிலில் மற்ற இலைதழையெல்லாம் சருகாகிவிட, இது மட்டும் பச்சை மாறாமல் இருந்தது. எனக்கு இந்த மாதிரிப் பிடிவாதம் பிடிக்கும். எடுத்து வந்து, அடியில் ஒட்டியிருந்த சதையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஓட்டை விழுந்த மண்ணெண்ணெய் டின்னில் செம்மண்ணும் எருவும் நிரப்பி நட்டேன். சில வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கையோடு வரவில்லை. வேர் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்ச் சண்டை. கிணற்றில் வாளி தரைதட்டும் ஊர் அது. அரிசி கழுவின தண்ணீருக்கும் சொந்தக்காரர் உண்டு. எங்கள் வீட்டில் அது எருமை.

"எருமைக்கு வெக்கிற கழனித்தண்ணிய அந்தத் தகரத்துக்கு எதுக்கு ஊத்தற? அது பாலா கறக்கப்போவுது?" என்பார் அத்தை.

"பழம் வரும், அத்தை."

"தாழம்பொதராட்டம் இருக்குது. பாம்புதான் வரும்."

பாம்பு வரவில்லை. பழமும் வரவில்லை. ஒரு வருஷம் போய் இரண்டாவதும் போனது. என் கதையும் அப்படியே. கிணற்றடியில் பெண்கள், "என்னம்மா, ஏதாச்சும் விசேசமா?" என்று என்னைக் கேட்பார்கள். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் டின்னுக்கு முன்னால் நின்று, அதே கேள்வியைச் செடியிடம் கேட்பார். அவர் கேட்டால் சிரிப்பு வரும். கிணற்றடியில் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அத்தை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. எருமையைத் தவிர அவருக்கு வேறு கவலையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் மாசியில் செடியின் நடுவே சிவப்பாக ஒன்று தலைகாட்டியது. அதைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் பொடிப்பொடியாகப் பூக்கள். பிஞ்சு பருத்ததும் அணில் வாய் வைக்காமல் கூடையைக் கவிழ்த்துக் காவல் காத்தேன். ஆனி கடைசியில் அடியிலிருந்து மஞ்சள் ஏற ஆரம்பித்தது. அதே வாரம் எனக்கு வாந்தி.

அத்தை தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து, கையைக் கழுவாமலேயே சொன்னார்: "பப்பாளியும் அன்னாசியும் ஆவாது. கரு நிக்காது. அந்தப் பழத்தத் தொட்டுறாத."

"மூணு வருசமாத் தண்ணி ஊத்தினவ நான், அத்தை."

"ஊத்தினவ நீதான். யாரு இல்லேன்னா? திங்க வேணாம்னுதானே சொல்றேன்."

"அடுத்த பழத்துல பாத்துக்கலாம், வுடு," என்றார் கணவர். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது என்று அத்தை எதிரிலேயே சொன்னார். வெளியே வந்ததும் அத்தை, "அந்தம்மாவா நமக்குப் பெத்துக் குடுக்கப்போறாங்க?" என்றார்.

சோறு கொதிக்கிற வாசனையே எனக்குக் குமட்டிய நாட்கள் அவை. அன்னாசி வாசனை மட்டும் குமட்டவில்லை. கொல்லைப்பக்கம் போனாலே வாய் ஊறியது. அதைத் தின்னாமல் விட எனக்கு மனசே இல்லை. யோசித்து யோசித்து ஒருநாள் வெகு பணிவாகச் சொன்னேன்: "மொதப் பழம், அத்தை. நமக்கு எதுக்கு? ஆடி வெள்ளிக்கு மாரியம்மனுக்கே வெச்சிரலாம்."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மருமகளின் நல்ல மனசைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கணவர் மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். தீபாராதனை முடிந்ததும் பூசாரி பழத்தை நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டு வந்தார். நானும் கையை ஏந்தினேன். "ரெண்டு உசுராச்சே," என்று என் கையில் இரண்டு துண்டாக வைத்தார். பக்கத்தில் நின்ற அத்தையின் கை என் முழங்கை வரைக்கும் வந்து அப்படியே நின்றது. அம்மன் பிரசாதத்தை யாராவது தட்டிவிட முடியுமா? நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துண்டை வாயில் போட்டேன். சேலத்துப் பழம் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஜெயித்துவிட்ட தெம்பில் நிதானமாக மென்றேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சன்னதி எதிரில் போய் நின்றிருந்தார். கூப்பிடலாமென்று பின்னால் போனேன். கைகூப்பியபடி, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அம்மனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, பாவம், புள்ள மனசு நோவுமேன்னு அவகிட்ட ஒரு நாளும் நான் கேட்டதில்ல. மூணு வருசமா உங்கிட்ட மட்டுந்தான் கேட்டேன். நீயும் குடுத்துட்ட. அவ தின்னது உன் பிரசாதம். இனிமே பொறுப்பு உன்னுது."

என் தெம்பெல்லாம் இறங்கிவிட்டது. அத்தையின் கையைப் பிடித்து, மிச்சமிருந்த துண்டை அதில் வைத்தேன்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பயந்து பயந்து வாயில் வைத்தார். முழுசாக மென்று முழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போயி பூசாரிகிட்ட இன்னொரு துண்டு கேட்டு வாங்கிட்டு வா. எனக்கு. வர்ற வழியில நீ தின்னுறாத."