கமுதிக்குப் பார்த்த வானிலை

தை இரண்டாம் வாரம் பாம்பன் வரை போய் வந்தேன். தீர்த்தமாட இல்லை. வானிலை அறிக்கை எப்படித் தயாராகிறது என்று நேரில் பார்க்க. என் சிநேகிதன் காதர் மார்கழியில் வாலிநோக்கம் கடலில் மீன்பிடிக்கப் போய்ப் படகு கவிழ்ந்து மௌத்தாகிவிட்டான். அவன் வீட்டுக்காரி மரியம் போனில் கேட்டாள்: "எச்சரிக்கைய மதிக்காம, திமிருல போனாகன்னு தெருவுல பேசுறாக. அன்னைக்கு எச்சரிக்கை வந்துச்சா இல்லையா? நீங்க வெவரமான ஆளு, வெசாரிச்சுச் சொல்லுங்கண்ணே."

விவரமான ஆள்தான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் வானம் பார்ப்பதில் கமுதி வட்டாரத்தில் என்னை அடிக்க ஆளில்லை. என்னைக் கேட்காமல் ஒருவரும் மிளகாய்ச் செடிக்கு மருந்து அடிக்க மாட்டார்கள். (கலெக்டரே ஒரு தடவை கேட்டார். நேரில் இல்லை, ஆள் விட்டு.) செல்போனில் வானிலை பார்ப்பேன், வெளியே வந்து மேற்கே ஒரு நோட்டம் விடுவேன், வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டுவிடுவேன். காதருக்கும் தினம் சாயங்காலம் ஒன்று போகும்.

காலை 5.40-க்குக் கமுதியில் பஸ். ராமநாதபுரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், 7.30-க்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பாம்பன், 9.15. இரண்டு டிக்கெட்டும் சேர்த்து நூற்றைந்து ரூபாய். ஜன்னலோரம் உட்காராதீர்கள், வாடைக்காற்று காதைக் குடையும். கண்டக்டர் என் மெல்லிய சட்டையைப் பார்த்து, "என்னண்ணே, ஒரு துண்டுகூட இல்லாம வாரீக, குளிரலையா?" என்றார்.

"ஏலே, நான் சைபருக்குக் கீழ பதினெட்டு டிகிரியில பதினோரு வருசம் இருந்தவன்."

"அப்பப் பனிக்கரடிக்குப் பங்காளின்னு சொல்லுங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

நான் சொன்னதில் பொய்யில்லை. துபாயில் மீன் குளிர்கிடங்கில் நானும் காதரும் ஒரே ஷிப்டு. என் மீசையில் ஒரு முழம் ஐஸ் தொங்கும், அவன்தான் தட்டி எடுப்பான். அப்படிப்பட்டவன் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்தான். கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. குளிரில் விறைத்துத்தான் போனான் என்று டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்ம ஊர்க் கடலில் என்ன குளிர்?

வானிலை நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுத்திருந்தேன். இளவயது மேடம் ஒருவர் பொறுமையாகச் சுற்றிக் காட்டினார். நெஞ்சு உயரத்தில், பலகைகளுக்கு இடுக்கு விட்ட வெள்ளைப் பெட்டி. உள்ளே வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கிறது. அதற்கும் காய்ந்த குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தில் காற்றின் ஈரம் தெரியுமாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து அனுப்புகிறார்கள். உலகம் பூராவும் அதே நேரத்தில் பார்க்கிறார்கள். பலூன், கப்பல், செயற்கைக்கோள் சொல்வதெல்லாம் சேர்ந்து பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்றையும் மழையையும் கணக்குப் போடுகிறது. அதை அனுபவசாலிகள் பார்த்துத் திருத்தி வெளியிடுகிறார்கள்.

காதர் புறப்பட்ட தேதியைச் சொன்னேன். மேடம் திரையில் தேடினார்.

"எச்சரிக்கை போயிருக்குய்யா. காத்து மணிக்கு அம்பத்தஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் வீசும், கடலுக்குப் போகாதீங்கன்னு மொத நாளே சொல்லியிருக்கு."

"இருக்காது மேடம். நான் பாத்தேன்ல? தெளிவான வானம், லேசான காத்துன்னு போட்டிருந்துச்சு."

"எந்த ஊருக்குப் பாத்தீங்க?"

"எங்க கமுதிக்குத்தான்."

அவர் திரையில் விரல் வைத்தார். "இது கமுதி இருக்கிற கட்டம். இது கடல். கமுதிக்குப் போட்டது அன்னைக்குச் சரியாத்தான் இருந்திருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. அன்று கமுதியில் இலை அசையவில்லை. அடித்த மருந்து அப்படியே செடியில் நின்றது.

டாக்டர் சொன்ன குளிரைச் சோதித்துப் பார்க்க மதியம் 12.10-க்குக் கடலில் இறங்கி, கரையோரமாகக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். தண்ணீர் இருபத்தைந்து டிகிரி என்றும், காற்றைவிட அது உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும் என்றும் மேடம் சொல்லியிருந்தார். முதல் பத்து நிமிஷம் சுகமாக இருந்தது. முப்பதாவது நிமிஷம் தாடை தானாக ஆடியது. நாற்பத்தைந்தில் விரல் மடங்கவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "யோவ், இந்த வயசுல என்ன வெளையாட்டு? கரைக்கு ஏறுய்யா!" என்று சத்தம் போட்டார். எனக்கு ஏறக் கரை இருந்தது.

ராமநாதபுரம் திரும்பி, பஸ் மாறி வாலிநோக்கம் சேர 4.30. புருஷன் மௌத்தானபின் அந்நிய ஆண்கள் பார்வையில் படாமல் இருக்கும் இத்தாவில் மரியம் இருப்பதால் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். பஸ்ஸில் வரும்போது பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட நல்ல கதையாக நாலைந்து கட்டி வைத்திருந்தேன். வாசலுக்கு வந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டேன்.

"எச்சரிக்கை வந்துச்சு தங்கச்சி. நான்தான் கமுதிக்குப் பாத்துட்டு அவனைப் போகச் சொல்லிட்டேன்."

திரையின் ஓரத்தை இழுத்துவிட்டு மரியம் பேசினாள்.

"கரையில மைக்குல என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்குச் சரியாக் காதுல விழலண்ணே. அவுக போகும்போது அதைச் சொன்னேன். 'அது ஊருக்கெல்லாம் பொதுவாச் சொல்றது, கமுதிக்காரன் எனக்குன்னு பாத்துச் சொல்லிட்டான்'னு போனாக."

பிறகு, "தெருவுல கேட்டா இனி நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"நான் சொல்லுறேன்" என்றேன். தெருமுக்கு டீக்கடையில் போய்ச் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஏழு பேரும் தலை குனிந்துகொண்டார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: பாம்பன் நிலையத்தைப் பார்க்க முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். தையில் போனால் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். படகு ஏறுவதாக இருந்தால் மீனவர்களுக்கான அறிக்கையை, அந்தக் கடல் பகுதியின் பேரைப் பார்த்துப் படியுங்கள். உள்ளூர்க்காரன் ஊருக்குப் பார்த்துச் சொல்வது கடலுக்கு ஆகாது. குரல் பதிவு போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

தெருவில் பேசியவர்கள் இதையும் படிக்கட்டும். காதர் திமிரில் போகவில்லை. என் பேச்சைக் கேட்டுப் போனான்.