றெகக்னைஸ் என்ற சொல்

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஒரு நாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கிராம அலுவலரான விதானையாரின் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த ஊரில் தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டியபோது, எலும்புகளும் சில உடுப்புகளும் வெளிவந்திருந்தன. காணாமல் போனவர்களின் வீட்டாரை அழைத்து அவற்றின் படங்களைக் காட்டினார்கள். அப்பா காணாமல் போனபோது எனக்கு மூன்று வயது.

தமிழ்ப் படிவங்கள் முடிந்து ஆங்கிலப் படிவங்கள்தான் மிச்சமிருந்தன. "பிள்ளை ரியூசனுக்குப் போறவள்தானே, அவளே நிரப்பட்டும்" என்றார் விதானையார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிவத்தில், இப்பொருட்களில் எதையாவது 'றெகக்னைஸ்' பண்ணுகிறீர்களா என்று கேட்டிருந்தது. புதுக்குடியிருப்பு ரியூசனில் முந்தின கிழமைதான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன்.

"அம்மா, சும்மா பாக்கிறதில்லை. முந்தித் தெரிஞ்ச ஒண்டைத் திரும்பக் கண்டவுடன, இது அதுதான் எண்டு பிடிபடுமெல்லோ, அது."

"ஓம், விளங்குது."

அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். உக்கிப்போன சாறம், ஒற்றைச் செருப்பு. பிறகு ஒரு கட்டம்போட்ட சேட்டு. அதன் கிழிந்த பையைப் பச்சை நூலால் யாரோ கையால் தைத்திருந்தார்கள். அந்தத் தையலின்மேல் அம்மாவின் பெருவிரல் மெல்ல ஊர்ந்தது. வரிசையில் பின்னால் நின்றவர் செருமும்வரை அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

"என்னெண்டு எழுத?" என்றேன் கடைசியில்.

"இல்லையெண்டு எழுது."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

பெரிய எழுத்தில் 'நோ' என்று எழுதினேன். அம்மா கையெழுத்து வைத்தார்.

அடுத்த வாரமும் அம்மா அப்பாவின் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி, காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மாரின் பந்தலில் போய் இருந்தார். சமைத்ததில் ஒரு பங்கை எப்போதும்போல மூடி வைத்தார்.

நான் வளர்ந்து வவுனியாவுக்குப் படிக்கப் போகும்போதுதான் அதைச் சொன்னார். "நான் தைச்ச சேட்டுத்தான். ஓம் எண்டிருந்தா அண்டைக்கே அவர் செத்திருப்பார்."

படிவம் நிரப்பிய அன்று, வீடு திரும்பும் பேருந்தில் எனக்கு அம்மாமேல் கோபமாக இருந்தது. அவ்வளவு நேரம் அந்தச் சேட்டைப் பார்த்துவிட்டு இல்லையென்றதால், சொல்லின் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைத்து, உதாரணங்களை மாற்றி மாற்றி வழிநெடுக விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பியபடி, ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.