அவள் பெயரில் நான் எழுதிய பனி

கொடைக்கானலில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பள்ளி அலுவலகத்தில் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று வருஷம் முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். எங்கும் நடப்பதுதானே என்று கையெழுத்துப் போட்டேன். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்து வெயிலில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிரும் அந்தப் பூட்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஆசிரியைகள் விடுதியின் ஜன்னலைத் திறந்தால் பாதி நாள் மேகம்தான் தெரியும். எதிரே மலை இருக்கிறதா சுவர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

நான் பிளஸ் ஒன் மாணவர்கள் பதினான்கு பேருக்கு இயற்பியல் ஆசிரியை. நான் சேர்ந்த இரண்டாயிரத்து எட்டிலேயே, வெளிநாட்டில் இருந்த ஒரு பழைய மாணவர் பள்ளிக்கு எட்டுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தார். மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவள் என்பதால் அந்த அறையை என் தலையில் கட்டினார்கள். உண்மையில் நான் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். 'விக்கி' என்று ஒன்றைப் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். இணையத்தில் ஒரு பக்கம். அதை வகுப்பில் யார் வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், கேள்வி கேட்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதும் 'வரலாறு' என்ற பொத்தானை அழுத்தினால் வரிசையாக வந்துவிடும். நான் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதியே பழகிய பிள்ளைகள் தாங்களே தேடி, தங்களுக்குள் வாதம் செய்து படிப்பார்கள் என்று நம்பினேன்.

ஜூன் முதல் நவம்பர் வரை ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட் போகும். கரண்ட் இருந்தால் இணையம் போகும். இரண்டும் இருக்கும்போது, தமிழில் ஒரு பத்தி அடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எழுதியவர்களும் பாடப் புத்தகத்து வரிகளையே ஒப்பித்திருந்தார்கள். "இது பரிச்சைக்கு வருமா மிஸ்?" என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை.

டிசம்பரில் மேல்மலையில் உறைபனி விழத் தொடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளிடம் ஆய்வகத்துத் தெர்மாமீட்டர்களைக் கொடுத்து அனுப்பினேன். தினமும் விடியும்போது வெப்பநிலையைக் குறித்து வாருங்கள், வந்ததும் அவரவர் பக்கத்தில் எழுதலாம் என்றேன். ஒன்றை மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். வகுப்பில் வாயே திறக்காதவள். தெர்மாமீட்டரைச் சால்வைக்குள் சுற்றி, கைக்குழந்தையைப் போல எடுத்துப்போனாள்.

விடுமுறையின் நடுவில் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முன்னாள் எஸ்டேட் மேனேஜர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"அந்தக் கம்ப்யூட்டர் புராஜெக்ட் எப்படிப் போகுது மிஸ்? கம்ப்யூட்டர் குடுத்த டோனர் பிப்ரவரில வர்றாரு. பிள்ளைங்க எழுதினதை எல்லாம் புக்லெட்டா அடிக்கணும். ஸ்கூல் திறக்குறதுக்குள்ள மேட்டர் என் டேபிளுக்கு வந்துரணும்."

"பிள்ளைங்க இன்னும் ஊர்ல இருக்காங்க சார்."

"அதனால என்ன? நீங்க இருக்கீங்கல்ல. உங்க சர்வீஸ் கன்ஃபர்ம் பண்ற ஃபைலும் இப்ப என்கிட்டதான் இருக்கு."

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பாஸ்வேர்டுகளை நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. முதலில் ஒருவன் பெயரில் நுழைந்து எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். அப்புறம் ஒரு வரி சேர்த்தேன். மத்தியானத்துக்குள் பதினான்கு பேருக்கும் பக்கம் எழுதி முடித்துவிட்டேன். கவுஞ்சிப் பெண்ணின் பக்கம்தான் எல்லாவற்றிலும் அழகாக வந்தது. 'எங்கள் கேரட் தோட்டத்தில் தெர்மாமீட்டர் பூஜ்யத்தைத் தொட்ட ஒவ்வொரு நாளும் உறைபனி விழுந்தது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது...' என்று அவளுக்காக நான் கற்றுக்கொண்டேன். அவளுடைய அளவுகளையும் நானே கற்பனையாகப் போட்டேன்.

பள்ளி திறந்த மறுநாள் அவள் என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு.

"மிஸ், என் பக்கத்துல யாரோ எழுதிருக்காங்க."

"யாரோ இல்லம்மா, நான்தான். ரிப்போர்ட் அவசரமாக் கேட்டாங்க. நீ உன்னோடதைச் சேர்த்துக்க."

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். "சைபர் வரவே இல்ல மிஸ். வெள்ளனே எந்திரிச்சு தினமும் பார்த்தேன். மூணு காட்டுச்சு, நாலு காட்டுச்சு. ஆனா கேரட் எலையில ஐஸு கெடக்கு. தொட்டுப் பார்த்தேன். அது எப்படி மிஸ்?"

எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் பார்த்தபோது நான் எழுதியது முழுவதையும் அவள் அழித்திருந்தாள். அங்கே மூன்றே வரிகள் இருந்தன. 'தெர்மாமீட்டர் கெடவில்லை. ஆய்வகத்தில் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டுகிறது. மூன்று டிகிரியில் ஏன் உறைகிறது என்று யாருக்காவது தெரியுமா?'

அடுத்த வாரத்தில் நடந்ததை நான் வெறுமனே வேடிக்கைதான் பார்த்தேன். ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல் ஊழியர் ஒருவரின் மகன், 'நீ எந்த உயரத்தில் மாட்டினாய்?' என்று கீழே எழுதினான். 'இடுப்பு உயரம், வேலிக் கம்பில்' என்று அவள் பதில் போட்டாள். அவன் தன் வீட்டுப் புல்வெளியில் ஒன்றைத் தரையிலும் ஒன்றைக் கம்பிலும் வைத்துப் பார்த்தான். தரையில் மைனஸ் ஒன்று, கம்பில் மூன்று. மரத்தடியில் மட்டும் ஏன் பனி விழவில்லை என்று இன்னொருத்தி கேட்டாள். தெளிந்த இரவில் இலையின் சூடு வானத்துக்குப் போய்விடும், அதனால் இலை காற்றைவிடக் குளிர்ந்துவிடும் என்று எங்கோ தேடிப் படித்து நான்காவது ஒருவன் எழுதினான். மரம் குடை மாதிரி அதைத் தடுக்கிறது என்று கவுஞ்சிப் பெண்ணே முடித்தாள். ஆறு மாதம் நான் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது அது. அவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டோனர் வருவதற்கு முந்தைய நாள் தாளாளர் அச்சடித்த புக்லெட்டுடன் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"ஸ்கிரீன்ல வேற என்னமோ இருக்கே மிஸ்? 'தெரியுமா, தெரியுமா'ன்னு ஒரே கேள்வியா இருக்கு. தெரியாதுன்னு சொல்றதுக்கா கம்ப்யூட்டர் குடுத்தாரு? புக்லெட்ல இருக்கிற மாதிரி மாத்திருங்க."

"சார், இதுதான் அவங்களா எழுதினது."

"அப்ப புக்லெட்ல இருக்கிறது?"

நான் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவர் புக்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்குமே நல்லதைப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விக்கியில் பழைய பக்கத்துக்குத் திரும்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினேன். வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. எங்கே போவது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு இறங்கியிருந்தால் நான் வெறும் பிளஸ் டூ படித்தவள்கூட இல்லை. அதை நிரூபிக்கிற காகிதமும் அந்தப் பீரோவில்தான் கிடந்தது.

மறுநாள் டோனர் நல்ல மனிதராக வந்தார். பிள்ளைகளுடன் தரையில் உட்கார்ந்து பேசினார். தாளாளர் கவுஞ்சிப் பெண்ணை எழுப்பி அவள் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அவள் திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அவள் எதைக் கண்டாளோ தெரியாது. நான் கெஞ்சியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். "எங்கள் கேரட் தோட்டத்தில் தெர்மாமீட்டர் பூஜ்யத்தைத் தொட்ட ஒவ்வொரு நாளும்..." என்று ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் கடைசி வரி வரை படித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஏரிப் பக்கத்துப் பையன் மட்டும் தட்டாமல் குனிந்துகொண்டான்.

வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏம்மா, இதை நான் எழுதலன்னு நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களுக்குத்தான மிஸ் வேலை போகும்?" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னைச் சுற்றியிருந்த வேலிக்குள் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியையும் இழுத்துவிட்டிருந்தேன்.

திங்கள்கிழமை அவர்கள் எழுதிய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். முகப்பில் என் சொந்தப் பெயரில் நான்கு வரிகள் எழுதினேன். டிசம்பரில் பதினான்கு பேர் பெயரிலும் எழுதியது நான்தான், அதில் இருந்த அளவுகள் எல்லாம் பொய், உண்மையான அளவுகள் அவர்களுடையவை, யாரும் என்னைப் போலச் செய்ய வேண்டாம். அன்று மதியம் அவள் என்னைத் தாண்டிப் போகும்போது "படிச்சேன் மிஸ்" என்றாள். நிற்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தாளாளர் கூப்பிட்டார். அந்த நான்கு வரிகளை நீக்கச் சொன்னார்.

"நீக்கினாலும் வரலாற்றுல இருக்கும் சார்."

"அப்ப ரூமைப் பூட்டிச் சாவியை ஆபீஸ்ல குடுத்திருங்க."

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே, கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத, பாடம் நடத்தினேன்.

அந்த முதல் வருஷ முடிவில், மே மாதம் ஊருக்கு வந்திருந்தபோது பழனி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நுழைந்து விக்கியைத் திறந்து பார்த்தேன். பூட்டிய அறையைத் தாண்டி, ஏழெட்டுப் பேர் ஏப்ரல் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். பஜாரில் காசு கொடுத்து உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். கோடை மழையில் ஆலங்கட்டி எப்படி உருவாகிறது என்று பெரிய சண்டை போய்க்கொண்டிருந்தது. இரண்டு பதில்கள் தவறு. திருத்தக் கை எழுந்தது. விட்டுவிட்டேன். வரலாற்றுப் பட்டியலை மேலிருந்து கீழே வரை இரண்டு தடவை பார்த்தேன். டோனர் முன்னால் படித்துக் காட்டிய அந்த நாளுக்குப் பிறகு, கவுஞ்சிப் பெண்ணின் பெயர் எங்குமே இல்லை.